சூப்பர்ஸ்ட்ராட்

சூப்பர்ஸ்ட்ராட் என்பது 1970களின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தோன்றி, 1980களில் ஹெவி மெட்டல் இசையின் அடையாளமாக விளங்கிய ஒரு மின்கிட்டார் வகை ஆகும். ஃபெண்டர் நிறுவனம் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கிட்டாரின் உருவத்தை அடிப்படையாகக் கொண்டு, விரைவான வாசிப்புக்கும் உரத்த ஒலிக்கும் ஏற்றவாறு இது மாற்றியமைக்கப்பட்டது. கூரிய முனைகள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், மெல்லிய கழுத்து, தந்திகளைப் பூட்டி வைக்கும் குதிரை ஆகியன இதன் சிறப்பியல்புகள் ஆகும்.

1991 ஆம் ஆண்டை ஒட்டி இவ்வகைக் கிட்டார்கள் மிக விரைவாக வழக்கொழிந்தன. வெற்று ஆடம்பரத்தின் சின்னம் என்ற கேலிக்கும் அவை உள்ளாயின. ஆயினும் 2000களுக்குப் பின்னர் அவற்றைப் பற்றிய ஏக்க நினைவு வளர்ந்தது. பழைய கிட்டார்கள் சேகரிப்புப் பொருள்கள் ஆயின. அவற்றின் மறுபதிப்புகளும் சந்தைக்கு வந்தன. தமிழ்நாட்டில் இக்கிட்டார்கள் அவற்றின் காலத்தில் அரிதாகவே கிடைத்தன. எனினும் இக்கருவியின் வரலாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தோடும், வீணையின் வாசிப்பு முறையோடும் பல இடங்களில் தொடர்புபடுகின்றது.

பெயரும் வரையறையும்

சூப்பர்ஸ்ட்ராட் என்பது எந்தவொரு நிறுவனத்தின் வணிகப் பெயரும் அன்று. இசைக்கலைஞர்களிடையேயும் இசை இதழ்களிலும் வழங்கிய பொதுப் பெயர் ஆகும். ஸ்ட்ராட் என்பது ஸ்ட்ராடோகாஸ்டர் என்பதன் சுருக்கம். பின்வரும் கூறுகளுள் பெரும்பாலானவற்றைக் கொண்ட கிட்டார் இவ்வகையுள் அடங்கும்.

- ஸ்ட்ராடோகாஸ்டரை ஒத்த, இரண்டு கொம்புகளை உடைய திண்ம மர உடல். கொம்புகள் கூர்மையாகவும் அவற்றின் இடைவெளிகள் ஆழமாகவும் இருக்கும்.
- ஸ்ட்ராடோகாஸ்டரின் 21 ஃப்ரெட்டுகளுக்குப் பதிலாக 22 அல்லது 24 ஃப்ரெட்டுகள்.
- குதிரையின் அருகே ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச்சுருள் பிக்கப்.
- ஃபிளாய்டு ரோஸ் வகையைச் சேர்ந்த பூட்டும் குதிரை.
- மெல்லிய கழுத்தும் தட்டையான விரல்பலகையும்.

பறக்கும் வி, எக்ஸ்புளோரர், வார்லாக் போன்ற வேறு உருவங்களை உடைய கிட்டார்கள் கண்டிப்பான பொருளில் சூப்பர்ஸ்ட்ராட் ஆகா. ஆயினும் அவையும் அதே மேடைகளில், அதே இசைக்காகப் பயன்பட்டமையால் பெரும்பாலும் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

பின்னணி

1950களில் உருவான மின்கிட்டார்களுள் இரு மரபுகள் முதன்மையானவை. ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார்களில் கழுத்து திருகாணிகளால் உடலோடு பொருத்தப்பட்டிருந்தது. ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் இருந்தமையால் அவற்றின் ஒலி தெளிவாகவும் மெல்லியதாகவும் இருந்தது. ஸ்ட்ராடோகாஸ்டரின் குதிரையில் ஒரு கைப்பிடி இணைக்கப்பட்டிருந்தது. அதை அழுத்தித் தந்திகளின் சுருதியை அசைக்க முடிந்தது. கிப்சன் நிறுவனத்தின் கிட்டார்களில் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டிருந்தது. சேத் லவர் என்பவர் 1950களின் நடுவில் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப் அவற்றுக்கு உரத்த, தடித்த ஒலியைத் தந்தது.

கிப்சன் நிறுவனம் 1958 இல் பறக்கும் வி, எக்ஸ்புளோரர் என்னும் இரு கோண வடிவக் கிட்டார்களை வெளியிட்டது. அக்காலத்தில் அவற்றை வாங்கியோர் மிகச் சிலரே. விரைவில் உற்பத்தியும் நின்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஹெவி மெட்டல் கலைஞர்கள் அந்த வடிவங்களைத் தமதாக்கிக் கொண்டனர்.

1970களில் ராக் இசை உரத்து ஒலிக்கத் தொடங்கியபோது, மேற்கண்ட இரு மரபுகளும் தனித்தனியே போதாமல் போயின. ஹம்பக்கரின் வலிமையும் ஸ்ட்ராடோகாஸ்டரின் அசையும் குதிரையும் ஒரே கருவியில் வேண்டும் என்று கலைஞர்கள் விரும்பினர். பெரிய நிறுவனங்கள் அத்தகைய கருவியை விற்கவில்லை. எனவே அது பட்டறைகளில் பிறந்தது.

தோற்றம்

இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுவது எடி வான் ஹேலன் (1955–2020) தாமே பொருத்தி உருவாக்கிய கிட்டார் ஆகும். ஃபிராங்கன்ஸ்டைன் எனப் பெயர் பெற்ற இதற்கு அவர் குறைபாடுள்ள ஓர் உடலையும் ஒரு கழுத்தையும் மலிவாக வாங்கினார். தம்மிடம் இருந்த கிப்சன் கிட்டார் ஒன்றின் ஹம்பக்கர் பிக்கப்பை எடுத்து அதில் பொருத்தினார். கிப்சன் கிட்டாரில் தந்திகளுக்கு இடையிலான இடைவெளி குறைவு என்பதால், அந்தப் பிக்கப்பைச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒட்டுநாடாவை ஒட்டி வண்ணம் தெளித்து உருவாக்கிய கருப்பு வெள்ளைக் கோடுகள் முதலில் இருந்தன; சிவப்பு நிறம் பின்னர் சேர்ந்தது.

வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1978 இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற எரப்ஷன் என்னும் தனிக்கிட்டார் வாசிப்பு இரண்டு நிமிடங்களுக்கும் குறைவானது. ஆயினும் வலக்கை விரலால் விரல்பலகையைத் தட்டி வாசிக்கும் முறையையும், குதிரையை அசைத்துச் சுருதியைத் தாழ்த்தும் முறையையும் அது உலகெங்கும் பரப்பியது. மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் (1982) தொகுப்பில் உள்ள பீட் இட் பாடலின் தனிக்கிட்டார் பகுதியையும் இவரே வாசித்தார். உலோக இசையை விரும்பிக் கேளாதோரிடமும் இந்த வாசிப்பு முறை அப்பாடல் வழியே சென்று சேர்ந்தது.

பட்டறை முயற்சிகள் விரைவில் தொழிலாக வளர்ந்தன. கலிபோர்னியாவில் வேய்ன் சார்வெல் நடத்திய கிட்டார் பழுதுபார்ப்பு நிறுவனத்தை 1978 இல் குரோவர் ஜாக்சன் வாங்கினார். 1980 டிசம்பரில் ஓசி ஆஸ்போர்ன் குழுவின் கிட்டார் கலைஞரான ராண்டி ரோட்ஸ், ஒரு பக்கம் நீண்ட வி வடிவக் கிட்டார் ஒன்றை அவரிடம் கேட்டார். வழக்கத்துக்கு மாறான அக்கருவிக்குச் சார்வெல் பெயருக்குப் பதிலாகத் தம் பெயரையே ஜாக்சன் இட்டார். ஜாக்சன் என்னும் கிட்டார்ப் பெயர் இவ்வாறே தொடங்கியது. ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று வானூர்தி விபத்தில் தமது 25 ஆவது வயதில் உயிரிழந்தார். அவருடைய பெயரில் அக்கிட்டார் தொடர்ந்து விற்கப்பட்டது.

நியூ செர்சி மாநிலத்தின் கிரேமர் நிறுவனம் ஃபிளாய்டு ரோஸ் குதிரையைத் தன் கிட்டார்களில் பொருத்தும் உரிமையைப் பெற்று, 1980களின் நடுவில் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் நிறுவனங்களுள் ஒன்றாக உயர்ந்தது. யப்பானில் இபானெஸ், ஈ.எஸ்.பி. ஆகிய நிறுவனங்கள் இவ்வகையில் முன்னணிக்கு வந்தன. கிரேமர் கிட்டார்கள் பலவற்றின் கழுத்தும் உடலும் ஈ.எஸ்.பி. நிறுவனத்தால் செய்யப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

அமைப்பும் செயற்பாடும்

பிக்கப்

மின்கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் கொண்டது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. இம்மின்னோட்டமே பெருக்கியால் ஒலியாக்கப்படுகின்றது.

ஒற்றைச்சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வோடு, சுற்றுப்புற மின்கம்பிகளின் இரைச்சலையும் பற்றிக்கொள்ளும். மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் அமெரிக்காவில் 60 எர்ட்சும் இந்தியாவில் 50 எர்ட்சும் ஆகும். அதே சுருதியிலும் அதன் மடங்குகளிலும் ஒரு ரீங்காரம் கேட்கும். ஹம்பக்கரில் எதிரெதிர் காந்த முனைகளையும் எதிரெதிர் சுற்றுகளையும் உடைய இரண்டு சுருள்கள் உள்ளன. வெளி இரைச்சல் இரண்டிலும் எதிர்நிலையில் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒரே நிலையில் தோன்றிக் கூடும்.

ஹெவி மெட்டல் இசையில் பெருக்கி அதன் எல்லையை மீறி இயக்கப்படுவதால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. இதனால் புதிய மேற்சுரங்கள் தோன்றி ஒலி கரகரப்பாகின்றது. இதுவே டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலிச்சிதைவு. இந்நிலையில் சிறிய இரைச்சலும் பேரிரைச்சல் ஆகும் என்பதால் ஹம்பக்கர் இன்றியமையாததாயிற்று.

விரல்பலகை

வீணையில் மெட்டு எனப்படும் உலோகத் துண்டே கிட்டாரில் ஃப்ரெட் எனப்படுகின்றது. கிட்டாரில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைச்சுர இடைவெளியைக் குறிக்கும். 12 ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயி ஆகும். 24 ஃப்ரெட்டுகள் இருப்பின் ஒரே தந்தியில் முழுமையாக இரண்டு ஸ்தாயிகள் கிடைக்கும். வழக்கமான சுருதியில் கிட்டாரின் முதல் தந்தி ஏறத்தாழ 330 எர்ட்சு அதிர்வெண்ணில் ஒலிக்கும். 24 ஆவது ஃப்ரெட்டில் அது நான்கு மடங்காகி ஏறத்தாழ 1319 எர்ட்சு ஆகும். சரசுவதி வீணையிலும் 24 மெட்டுகளே உள்ளன; அங்கும் ஒரு தந்திக்கு இரண்டு ஸ்தாயி என்பதே கணக்கு.

பழைய ஃபெண்டர் விரல்பலகை குறுக்குவாட்டில் வளைந்திருக்கும். அதன் வளைவு ஆரம் 7.25 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 செ.மீ. தந்தியைப் பக்கவாட்டில் நெடுந்தொலைவு இழுக்கும்போது, வளைந்த பலகையில் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் பட்டு ஒலி அடங்கிவிடும். சூப்பர்ஸ்ட்ராட்களில் இந்த ஆரம் 12 முதல் 17 அங்குலம் வரை உயர்த்தப்பட்டுப் பலகை தட்டையாக்கப்பட்டது. கழுத்தின் தடிப்பும் குறைக்கப்பட்டது. இபானெஸ் நிறுவனத்தின் விசார்ட் என்னும் கழுத்து, முதல் ஃப்ரெட்டின் இடத்தில் ஏறத்தாழ 17 மி.மீ. தடிப்பே கொண்டிருந்தது.

சுவீடன் நாட்டுக் கலைஞரான இங்வி மால்ம்ஸ்டீன் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கிய விரல்பலகையைப் புகழ்பெறச் செய்தார். விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் தொடுவதால், இழுப்பதும் அசைப்பதும் எளிதாகின்றன. மெழுகின் மேல் உயர்த்திப் பதிக்கப்பட்ட மெட்டுகளை உடைய வீணையில் கமகம் வாசிக்கும் முறைக்கு இது நெருக்கமானது. சென்னையைச் சேர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 1970களில் சக்தி குழுவை நடத்திய ஜான் மெக்லாஃப்லின், முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர் ஆவார். அக்குழுவில் அவர் வாசித்த கிட்டாரிலும் இத்தகைய குழிவான விரல்பலகை இருந்தது.

பூட்டும் குதிரை

தந்திகளைத் தாங்கும் குதிரையை அசைத்துச் சுருதியைத் தாழ்த்தினால், கைப்பிடியை விட்ட பின்னர் தந்திகள் பழைய இடத்துக்குத் துல்லியமாகத் திரும்புவதில்லை. கழுத்து முனையில் உள்ள நட் என்னும் துண்டிலும், பிருடையில் சுற்றிய தந்தியிலும் ஏற்படும் உராய்வே இதற்குக் காரணம். எனவே ஸ்ட்ராடோகாஸ்டரில் பலமாக அசைக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி விலகும்.

நகைத் தொழில் அறிந்த இசைக்கலைஞரான ஃபிளாய்டு ரோஸ் 1970களின் பிற்பகுதியில் இதற்குத் தீர்வு கண்டார். தந்தி நழுவும் இரண்டு இடங்களிலும், அதாவது நட்டிலும் குதிரையிலும், அதை இறுக்கிப் பூட்டினார். பூட்டிய பின் பிருடைகளுக்கு வேலை இல்லை. குதிரை இரண்டு திருகாணிகளின் மேல் கத்திமுனை போன்ற விளிம்புகளால் நின்று தராசு போல் அசையும். ஒருபுறம் ஆறு தந்திகளின் இழுவிசை. மறுபுறம் உடலின் பின்னே உள்ள சுருள்வில்களின் இழுவிசை. வழக்கமான மெல்லிய தந்திகளில் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்கு நிகரானது. இவ்வடிவமைப்புக்கு 1979 இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பூட்டிய பின்னும் சுருதியைச் சிறிதளவு திருத்தும் நுண்திருகாணிகள் பின்னர் சேர்க்கப்பட்டன.

இதனால் தந்திகள் தளர்ந்து தொங்கும் வரை கைப்பிடியை அழுத்தி விட்டாலும் சுருதி மாறவில்லை. குண்டு விழுவது போன்ற ஓசையைத் தரும் இம்முறை 1980களின் இசையில் அடிக்கடி கேட்கும் ஒன்று. இவ்வமைப்பின் குறையும் அதன் சமநிலையிலிருந்தே வருகின்றது. ஒரு தந்தி அறுந்தால் சுருள்வில்கள் குதிரையைப் பின்னே இழுத்துவிடும். மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் ஏறிவிடும். தந்தி மாற்றுவதற்குத் திருகுசாவியும் பொறுமையும் வேண்டும். கத்திமுனை விளிம்புகள் தேய்ந்தால் குதிரை பழைய நிலைக்குத் திரும்புவதும் துல்லியம் இழக்கும்.

புறத்தோற்றம்

இக்கிட்டார்களின் உருவம் ஓசைக்காக மட்டும் அமைந்ததன்று. பெரிய அரங்குகளில் தொலைவில் இருப்போருக்கும் கலைஞரின் அசைவு தெரிய வேண்டியிருந்தது. 1981 இல் எம்டிவி அலைவரிசை தொடங்கப்பட்ட பின்னர் இசைக்குழுவின் தோற்றம் வீட்டுத் திரைக்கும் வந்தது. ஒளிரும் இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், பச்சை ஆகிய வண்ணங்களும், கோடுகள், புலிவரி, தீச்சுடர் ஆகிய ஓவியங்களும் பெருகின. கலைஞர் ஒவ்வொருவரும் தம் கிட்டாரைக் கண்டாலே தம்மை அறியவேண்டும் என விரும்பினர்.

பெர்னார்டோ சாவெஸ் ரிக்கோ நடத்திய பி.சி. ரிச் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட வார்லாக், கொம்புகளும் முட்களும் கொண்ட உருவத்தால் புகழ் பெற்றது. லிடா ஃபோர்டு இந்நிறுவனக் கிட்டார்களை வாசித்துப் புகழ்பெற்ற பெண் கலைஞர் ஆவார். இபானெஸ் நிறுவனமும் ஸ்டீவ் வாயும் சேர்ந்து 1987 இல் வெளியிட்ட ஜெம் 777 இவ்வகையின் உச்சம் எனலாம். 24 ஃப்ரெட்டுகள், அவற்றுள் இறுதி நான்கின் இடையே செதுக்கிய குழிகள், உடலிலேயே வெட்டப்பட்ட கைப்பிடித் துளை, கண்கூசும் வண்ணங்கள் ஆகியன அதில் இருந்தன.

இந்த ஒளிரும் வண்ணங்களின் நிறமிகள் புற ஊதாக் கதிர்களால் மங்கும் தன்மை உடையன. ஆகவே இன்று எஞ்சியுள்ள பழைய கிட்டார்கள் பலவற்றில் அக்காலத்தின் நிறம் முழுமையாக இல்லை. மூடிய பெட்டியிலேயே இருந்தவை மட்டும் பழைய நிறத்தைக் காட்டுகின்றன. மிகுதியாக வாசிக்கப்பட்ட கிட்டாரே மிகுதியாக நிறம் இழந்தது.

ஈட்டி மரம்

மின்கிட்டாரின் விரல்பலகைக்கு மேப்பிள், கருங்காலி, ஈட்டி ஆகிய மரங்கள் பயன்பட்டன. ஈட்டி மரம் தோதகத்தி எனவும் அழைக்கப்படுகின்றது. கிட்டார் தயாரிப்பாளர்கள் முன்பு பிரேசில் நாட்டு ஈட்டி வகையையே விரும்பினர். 1960களின் இறுதியில் அந்நாடு மரக்கட்டைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் தென்னிந்தியாவின் மலைக்காடுகளில் வளரும் இந்திய ஈட்டி அவ்விடத்தைப் பிடித்தது. 1980களின் கிட்டார்களில் ஈட்டி விரல்பலகை எனின் அது பெரும்பாலும் இந்திய ஈட்டியே ஆகும்.

ஈட்டி மெதுவாக வளரும் மரம். தமிழ்நாட்டில் அதனைப் பாதுகாக்க 1994 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஈட்டிப் பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டு, 2017 சனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதனால் விற்பனைக்காக எல்லை கடந்து செல்லும் கிட்டார்களுக்கும் ஆவணம் தேவைப்பட்டது. பல நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது.

வீழ்ச்சி

1980களின் இறுதியில் சந்தை நிரம்பி வழிந்தது. ஒன்றை ஒன்று ஒத்த இசைக்குழுக்களும் ஒன்றை ஒன்று ஒத்த கிட்டார்களும் பெருகின. விரைவான வாசிப்பு பலரிடம் உடற்பயிற்சி போல ஆனது என்ற விமர்சனமும் எழுந்தது.

1991 செப்டம்பரில் நிர்வானா குழுவின் நெவர்மைன்ட் இசைத்தொகுப்பு வெளிவந்தது. சியாட்டில் நகரைச் சார்ந்த கிரஞ்ச் இசை, எளிய உடையையும் எளிய வாசிப்பையும் முன்னிறுத்தியது. அதன் கலைஞர்கள் ஃபெண்டர் நிறுவனத்தின் விலை குறைந்த பழைய கிட்டார்களைத் தேடி வாசித்தனர். கூரிய முனையுள்ள இளஞ்சிவப்புக் கிட்டாருடன் மேடை ஏறுவது சில ஆண்டுகளிலேயே நகைப்புக்கு உரியதாயிற்று. நிதி நெருக்கடியில் இருந்த கிரேமர் நிறுவனம் 1991 அளவில் மூடப்பட்டது. அதன் பெயரைப் பின்னர் கிப்சன் நிறுவனம் வாங்கியது. ஜாக்சன், சார்வெல் ஆகிய பெயர்கள் 2002 இல் ஃபெண்டர் நிறுவனத்திடம் சென்றன. ஸ்ட்ராடோகாஸ்டருக்குப் போட்டியாகப் பிறந்த கிட்டார்கள் இறுதியில் ஸ்ட்ராடோகாஸ்டரின் நிறுவனத்துக்கே உரியன ஆயின.

கருவியின் தொழில்நுட்பம் மட்டும் மறையவில்லை. 24 ஃப்ரெட்டுகள், தட்டையான பலகை, பூட்டும் குதிரை, இபானெஸ் 1990 இல் பரவலாக்கிய ஏழு தந்தி அமைப்பு ஆகியன பின்வந்த உலோக இசையில் நிலைத்தன. வண்ணம் கருப்பாக மாறியது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் கிட்டார் பல வழிகளில் பரவியது. சென்னை அண்ணா சாலையில் உள்ள, 1842 இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளும், இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளும் ஒரு வழி. கிறித்தவத் தேவாலயங்களின் பாடகர் குழுக்கள் மற்றொரு வழி. திரையிசைக் கூடங்களும், ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுவதும் திரைப்பாடல்களை வாசித்த மெல்லிசைக் குழுக்களும் வேறு வழிகள். மெல்லிசைக் குழுக்களில் லீட் கிட்டார், பேஸ் கிட்டார் என்னும் சொற்கள் தமிழ்ச் சொற்களைப் போலவே வழங்கின.

அப்போதைய மதுரை மாவட்டத்தில் இருந்து, தற்போது தேனி மாவட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலில் சௌத்ரி உள்ளிட்டோரிடம் கிட்டார் கலைஞராகவும் பணியாற்றினார். அன்னக்கிளி (1976) படத்துக்குப் பின் அவருடைய பாடல்களில் கிட்டார் பக்கக் கருவி என்ற நிலையிலிருந்து உயர்ந்தது. அவருடைய இசைக்குழுவில் சதானந்தம் குறிப்பிடத்தக்க கிட்டார் கலைஞர் ஆவார். பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தின் இளைய நிலா பாடல் தமிழ் இரசிகர்களுக்குக் கிட்டாரை நினைவூட்டும் முதன்மையான பாடல்களுள் ஒன்று. ஆயினும் அதில் ஒலிப்பது மின்கிட்டாரின் கரகரப்பு அன்று. இயல்பான கிட்டாரின் மெல்லொலியே ஆகும். 1980களின் தமிழ்த் திரையிசையில் புதுமையின் அடையாளமாக விளங்கியது பெரிதும் சின்தசைசர்தான். சிதைவொலி கிட்டார் இடையிசையிலும் பின்னணி இசையிலும் சிறு பகுதிகளாகவே வந்து சென்றது.

கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் முயற்சியும் இதே காலத்தில் நடைபெற்றது. சுகுமார் பிரசாத் 1980களில் இதில் முன்னோடியாக விளங்கினார். இராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஆர். பிரசன்னா இதனைப் பின்னர் உலகெங்கும் கொண்டு சென்றார். உலோக இசையில் ஓலமிடப் பயன்பட்ட அதே தந்தி இழுப்பு, இவர்களின் கையில் கமகம் ஆயிற்று.

1980களின் சூப்பர்ஸ்ட்ராட்களைப் பெறுவது தமிழ்நாட்டில் மிகக் கடினமாக இருந்தது. 1991 இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன் நுகர்பொருள் இறக்குமதிக்கு உரிமக் கட்டுப்பாடும் உயர்ந்த சுங்க வரியும் இருந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினரோ நண்பரோ கொண்டு வந்தால்தான் உண்டு. உள்நாட்டில் கொல்கத்தாவே கிட்டார் தயாரிப்பின் மையமாக இருந்தது. அங்குச் செய்யப்பட்ட கிவ்சன் போன்ற கிட்டார்களில்தான் பலரும் வாசிக்கத் தொடங்கினர். அயல்நாட்டு இசையைக் கேட்பதற்கு ஒலிநாடாக்களும், அவற்றைப் படியெடுத்துத் தரும் பதிவுக் கடைகளும் உதவின. கிட்டாரின் உருவத்தை ஒலிநாடா அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும்தான் காணமுடிந்தது.

இந்தியாவின் முதல் உலோக, ராக் குழுக்கள் பெருநகரங்களில் தோன்றின. மும்பையில் 1984 இல் தொடங்கிய ராக் மெஷின் குழு 1988 இல் சொந்தப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டது. பின்னர் இண்டஸ் கிரீட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் திரைத்துறைக்கு வருமுன் ரூட்ஸ் என்னும் குழுவில் சிவமணி, கிட்டார் கலைஞர் ஜான் அந்தோணி ஆகியோருடன் வாசித்தார்; நெமிசிஸ் அவென்யூ என்னும் ராக் குழுவையும் நிறுவினார். சிங்கப்பூரில் 1992 இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, வேதாந்தக் கருத்துகளை உலோக இசையில் பாடி வருகின்றது.

1991 ஆம் ஆண்டில் ஸ்டார் தொலைக்காட்சியின் வழியாக எம்டிவி இந்திய வீடுகளுக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அதே ஆண்டு முதல் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் அமெரிக்காவில் சூப்பர்ஸ்ட்ராட்டின் காலம் முடிந்ததும் அதே ஆண்டில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் அக்கிட்டார்களின் விரல்பலகையாக உலகெங்கும் சென்றது. அக்கிட்டார்களோ அவற்றின் காலத்தில் அம்மலையடிவார ஊர்களுக்கு வரவில்லை. கதவு திறந்தபோது கடை மூடப்பட்டிருந்தது.

ஏக்க நினைவும் மீள்வரவும்

பதின்ம வயதில் இக்கிட்டார்களைப் படத்தில் கண்டு விரும்பியோர் 2000களில் பொருளீட்டும் நடுவயதினர் ஆயினர். நிறுவனங்கள் இதனை அறிந்தன. ஃபெண்டர் நிறுவனம் 2007 இல் வான் ஹேலனின் ஃபிராங்கன்ஸ்டைனை ஒவ்வொரு கீறலும் தீக்காயமும் உட்பட அப்படியே படியெடுத்து, 300 கிட்டார்களை ஒவ்வொன்றும் 25,000 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்டது. மலிவான உறுப்புகளால் செய்யப்பட்ட ஒரு கிட்டாரின் நகல், பல வண்டிகளின் விலைக்கு விற்கப்பட்டது. மூலக் கிட்டார் 2019 இல் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இபானெஸ் நிறுவனம் தன் 1987 ஆம் ஆண்டு ஆர்ஜி550 கிட்டாரைப் பழைய வண்ணங்களிலேயே 2010களின் இறுதியில் மீண்டும் வெளியிட்டது. கிப்சன் நிறுவனம் கிரேமர் பெயருக்கு மீண்டும் உயிரூட்டியது. 1986 ஆம் ஆண்டில் நிகழும் கதையைக் கொண்ட ஸ்டிரேஞ்சர் திங்ஸ் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தில் (2022), ஒரு பாத்திரம் வார்லாக் கிட்டாரில் மெட்டாலிக்கா குழுவின் மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ் பாடலை வாசிக்கும் காட்சி இடம்பெற்றது. அக்காலத்தில் பிறந்திராத இளைஞர்களிடமும் அக்கிட்டாரின் மீது ஆர்வத்தை அது தூண்டியது.

இந்த ஏக்கத்துக்கு இரண்டு வகை உண்டு எனலாம். அமெரிக்காவிலும் யப்பானிலும் அது பெரும்பாலும் இழந்த பொருளைப் பற்றியது: இளமையில் வைத்திருந்து, பின் வெட்கப்பட்டு விற்றுவிட்ட கிட்டாரை மீண்டும் வாங்குவது. தமிழ்நாட்டைப் போன்ற இடங்களில் அது பெரும்பாலும் அடையாத பொருளைப் பற்றியது: ஒலிநாடாவில் கேட்டும் அட்டையில் கண்டும் அறிந்த ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பது. 1980களில் கிடைக்காத கிட்டாரின் மறுபதிப்பு இன்று சென்னைக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றது. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படும் எளிய வகைகள் மாணவர்களுக்கும் எட்டும் விலையில் உள்ளன. அவற்றில் பழகும் மாணவருக்கு 24 ஃப்ரெட்டுகளும் பூட்டும் குதிரையும் பழமையின் சின்னங்கள் அல்ல. வாசிப்பதற்கான வசதிகளே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- மின்கிட்டார்
- ஹெவி மெட்டல் இசை
- வீணை
- கமகம்
- ஈட்டி மரம்
- மெல்லிசைக் குழு